தீராத சரக்கு

கல்லாற்றுமாலில் வீட்டார் – 14

போன வாரம் நான் ஆன்சியிடம் அதிகம் பேசவில்லை. "வீட்டுப் பேரை எடுத்துட்டு என்ன வேணாலும் பாடு" என்றேன். அவளும் அதிகம் பேசவில்லை. "பேரு போனா நானும் போறேன் பேரப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

புதிதாக இந்த வாரம் வந்து சேர்பவர்களுக்கு விஷயம் இதுதான். ஆன்சி என் தம்பி குரியாச்சனின் ஒரே மகள். தம்பி காலமாகிவிட்டான். நான் அவளுக்குப் பேரப்பன், அதாவது தகப்பனின் அண்ணன், பெயர் வர்க்கி. நர்ஸ் படிப்பு முடித்து அயர்லாந்தில் வேலையும் கிடைத்த பெண், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் பழைய புகைப்புரைக்குள் போய் உட்கார்ந்தாள். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்த என் அப்பன் கட்டிய செங்கல் கட்டடம் அது. அதற்குள் ஒரு மைக்கும் ஒரு கிட்டாருமாக எட்டுப் பாட்டுப் பாடிப் பதிந்தாள். பாடகர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் தளம் ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறதாம். அதில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

தொகுப்புக்குப் பெயர், 'கல்லாற்றுமாலில் புகைப்புரை'. பெயருக்குக் கீழே விலை. விலைக்குக் கீழே ஒரு வரி: 'விருப்பமுள்ளவர்கள் கூடுதலாகவும் தரலாம்.'

எனக்குத் தூக்கம் போனது அந்த வரியால்தான். எங்கள் வீட்டார் மீனச்சிலாற்றங்கரையில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பாலாப் பகுதியில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு இடம் கொடுத்தவர்கள். அந்த வீட்டுப் பெண், வீட்டுப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, உலகத்தார் முன்னால் 'உங்களால் முடிந்தது' என்று தட்டு நீட்டுவதா?

இன்று சனிக்கிழமை. எங்கள் வம்சத்தின் நான்கு கிளைகளும் ஆண்டுக்கொரு தரம் கூடும் குடும்ப யோகம். காலையில் பள்ளியில், அதாவது எங்கள் தேவாலயத்தில், குர்பானாப் பூசை, பதினோரு மணிக்குச் சாப்பாட்டுச் சீட்டு, மதியம் விருந்து, அதன் பிறகு பொதுக்கூட்டம். தலைவர் நான். செயலாளர் இரண்டாம் கிளை டோமிச்சன். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். மூத்த கிளையின் முகத்தில் கரி பூச எந்தச் சந்தர்ப்பத்தையும் விடாதவன். மதியக் கூட்டத்தில் அவன் கொண்டுவரப்போகும் தீர்மானம் என் கைக்கு நேற்றே வந்துவிட்டது. 'குடும்பப் பெயரை வியாபாரப் பொருளுக்கு வைக்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் உடனே நீக்க வேண்டும்.'

தீர்மானம் நிறைவேறினால் பெயர் போகும். பெயர் போனால் பெண் போவாள். சொன்னதைச் செய்கிற பிடிவாதம் அவளுக்கு உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் அப்பமும் ஸ்டூவும் வைத்துவிட்டு ரோசிலி, ஆன்சியின் அம்மா, கதவோரம் நின்றாள்.

"இச்சாயா, மதியம் என்ன பண்ணப் போறீங்க?"

"கூட்டத்துக்கே அவசியம் வராது."

"அவ கிட்ட பேசினீங்களா?"

"எதுக்குப் பேசணும்? சரக்கு இருந்தாத்தானே தீர்மானம்? சரக்கே இல்லாமப் பண்ணிட்டா?"

ரோசிலி என்னைப் பார்த்தாள். கணவன் போன பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பார்வையைக் குறைக்கவில்லை.

நான் பாலா டவுனில் நாற்பது வருஷம் ரப்பர் ஷீட் எடுத்து விற்றவன். ஒரு சரக்கு சந்தையில் கிடக்கக் கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மொத்தத்தையும் நாமே எடுத்துக் குடோனில் போட்டுப் பூட்ட வேண்டும். விற்றவனுக்கு விலை கிடைத்துவிடும். அவன் வாயைத் திறக்க மாட்டான். சந்தையில் பொருள் இருக்காது. டோமிச்சன் எழுந்து தீர்மானத்தை வாசிக்கும்போது, 'எந்தப் பொருளைச் சொல்கிறாய்? அப்படி ஒன்று விற்பனையில் இல்லையே' என்று நான் கேட்பேன்.

போனை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, கார்டு நம்பர் போட்டு, ஒன்று வாங்கினேன். நன்றி என்று வந்தது. பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். சரக்கு அப்படியே இருந்தது.

இன்னொன்று வாங்கப் போனேன். 'உங்களிடம் ஏற்கெனவே உள்ளது' என்றது.

ஆளுக்கு ஒன்றுதான் தருவாள் போலிருக்கிறது, ரேஷன் கடை மாதிரி. அதனாலென்ன? என்னிடம் ஆட்களுக்கா பஞ்சம்?

பள்ளிப் பாரிஷ் ஹாலின் வாசலில் சாப்பாட்டுச் சீட்டு கொடுக்கும் மேஜையில் வழக்கமாக இளைஞர்கள் உட்காருவார்கள். இன்று அவர்களை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது மூன்றாம் கிளை மறியச்சேடத்தி. எண்பது தாண்டியவர். கையைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்.

"வர்க்கி, என்னடா தலைவரே சீட்டு கிழிக்கிறே? பசங்க எல்லாம் வேலைநிறுத்தமா?"

"சேடத்தி, சீட்டு தர்றதுக்கு முந்தி ஒரு காரியம். உங்க பேரன் ஜிஜோ மெல்பர்ன்ல இருக்கான்ல, அவனைக் கூப்பிடுங்க. ஒரு பாட்டு வாங்கச் சொல்லுங்க. நான் லிங்க் அனுப்பறேன்."

"பாட்டா? யாரு பாட்டு?"

"நம்ம பாட்டுதான். வாங்கி வெச்சாப் போதும். கேக்க வேண்டாம்."

"கேக்கறதுக்கு இல்லேன்னா எதுக்குடா வாங்கறது?"

"சேடத்தி, நான் தலைவரா இல்லையா?"

சேடத்தி போனைக் காதில் வைத்தார். வாசல் முழுக்கக் கேட்கிற குரல். "எடா ஜிஜோ, கேக்குதா? வர்க்கி பேரப்பன் ஒரு பாட்டு வாங்கச் சொல்றான். ஏன்னு கேக்காதே. வாங்கினாத்தான் எனக்குச் சாப்பாடாம்."

மெல்பர்னில் வாங்கினார்கள். அடுத்து டப்ளின். குவைத். கனடாவில் அது நடுராத்திரி, ஆனாலும் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையில்லாத அடுப்பு கிடையாது. ஒவ்வொரு காரும் வந்து நிற்கும், நான் லிங்க் அனுப்புவேன், அவர்கள் போனைக் காதில் வைப்பார்கள், சீட்டைக் கொடுப்பேன். ஒருவரும் மறுக்கவில்லை. சமையல் கொட்டகையிலிருந்து மாட்டிறைச்சி வறுக்கிற மணம் வந்துகொண்டிருந்தது. அதுவும் என் பக்கம் நின்று வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

நடுநடுவே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சரக்கு தீரவில்லை. எனக்குள் ஒரு பயம் கிளம்பியது. இந்தப் பெண் எத்தனைதான் போட்டு வைத்திருக்கிறாள்? லாரிக்கணக்கிலா?

கடைசிச் சீட்டைக் கிழிக்கும்போது என் முன்னால் ஒரு நிழல் விழுந்தது. ஆன்சி. சுடிதார் மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். சமையல் கொட்டகையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன்.

"பேரப்பா, கொஞ்சம் வாங்க."

"சீட்டு கொடுக்கணும்."

"வாங்கன்னேன்."

மணிக்கூண்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் போய் நின்றோம். அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயமா, வேறா என்று தெரியவில்லை.

"காலையில இருந்து போன் நிக்காம அடிக்குது. மூணு மாசமா நாலு பேரு வாங்கின பாட்டு. இன்னிக்கு மணிக்கணக்கா விக்குது. கரண்டியோட அங்கேயே டான்ஸ் ஆடினேன், பேரப்பா. அம்மா கூட சிரிச்சாங்க. அப்புறம் யாரு வாங்கறாங்கன்னு பாத்தேன்." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வட்ட வட்டமாகப் படங்கள். "ஜிஜோ கல்லாற்றுமாலில். ஷைபி கல்லாற்றுமாலில். கல்லாற்றுமாலில், கல்லாற்றுமாலில், கல்லாற்றுமாலில்! இது என்ன, பாட்டு வாங்கினவங்க வரிசையா, ஓட்டர் லிஸ்ட்டா?"

"உனக்கு விலை வந்துச்சா இல்லையா?"

"யாரு சொல்லி வாங்கினாங்க?"

"நான் சொன்னேன்."

"எதுக்கு? எரக்கப்பட்டா?"

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் உண்மை வந்தது.

"எரக்கமா? எடி, சரக்கு தீரட்டும்னு வாங்கச் சொன்னேன்! டோமிச்சன் தீர்மானத்தோட வரதுக்குள்ள சந்தையில ஒண்ணும் இருக்கக் கூடாது. நீ எவ்வளவுதான் போட்டு வெச்சிருக்கே? இருநூறு பேரு வாங்கியும் குறையலையே!"

ஆன்சி என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு கரண்டியோடு அப்படியே பலாமரத்தடியில் உட்கார்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து அவளை நான் பார்த்தது அவள் அப்பன் இருந்த காலத்தில்.

"பேரப்பா... இது ஷீட் இல்ல. கட்டு கட்டா அடுக்கி வெக்கறது இல்ல. எத்தனை பேரு வாங்கினாலும் தீராது. உலகமே வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும்."

"தீராத சரக்கா? அப்படி ஒண்ணு எப்படி?"

"அப்படி ஒண்ணு இருக்கு. அது மட்டுமா? நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு தெரியுமா?"

இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். இன்று அதிகம் விற்ற தொகுப்புகளின் வரிசை. நாட்டுப்புறப் பாட்டு என்ற பிரிவு. உலகம் முழுவதற்குமான வரிசை. முதலிடத்தில் எங்கள் புகைப்புரையின் படம். கரி படிந்த கதவு, மேலே என் அப்பன் சிமெண்டில் எழுதிய வீட்டுப் பெயர்.

"நீங்க சந்தையில இருந்து எடுக்கப் பாத்தீங்க. கொண்டுபோய்க் கடை வாசல்ல மாட்டிட்டீங்க."

குனிந்து திரையில் அப்பனின் எழுத்தைப் பார்த்தேன்.

"இனிமேதான் கூத்து. வரிசையில முதல்ல வந்தா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க. கேட்டுப் பாக்கறது சும்மா. புடிச்சாத்தான் காசு." வட்டப் படங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். "இவங்க போர்ச்சுகல். இவரு ஜப்பான். இவங்களையெல்லாம் நீங்க சாப்பாட்டுச் சீட்டு காட்டியா மெரட்டினீங்க? இந்தா, இவரு பின்லாந்து. கேட்ட விலைக்கு மூணு மடங்கு குடுத்திருக்காரு. ஒரு வரி எழுதியும் இருக்காரு. படிக்கட்டா?"

"படி."

"'வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த அறையில் புகை மணக்கிறது.'"

புகைப்புரையில் கடைசியாக அடுப்பு மூட்டிப் பல வருஷமாகிவிட்டது. சுவர் மட்டும் இன்னும் மணக்கும். அதை அந்தச் சுவரில் கை வைத்தவன்தான் அறிவான். பனி நாட்டுக்காரனுக்கு எப்படித் தெரிந்தது?

"மூணு மடங்கு ஏன் குடுத்தான்?" என்று கேட்டேன். "கேட்டது அவ்வளவு இல்லையே."

"புடிச்சிருக்கு, பேரப்பா. வேறென்ன?"

சமையல் கொட்டகையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து ஏப்ரனைத் தட்டிக்கொண்டாள். "ஆனா மதியம் தீர்மானம் ஜெயிச்சா, பேரை எடுத்துடுவேன். எடுத்த அன்னிக்கே கிளம்பிடுவேன். அது மாறல."

மதியக் கூட்டத்தில் ஹால் நிறைந்திருந்தது. வெற்றிலையும் சீரகத் தண்ணீரும் சுற்றி வந்தன. நான் மேடையில் தலைவர் நாற்காலியில். டோமிச்சன் மைக்கைப் பிடித்தான். அந்த ஆண்டு காலமானவர்களின் படங்களைக் காட்டுவதற்காகத் தொங்கவிட்ட திரையில், அவன் ஆன்சியின் பக்கத்தைக் காட்டினான்.

"பாருங்க," என்றான். "நம்ம முன்னோரு கார்னவன்மார் ரத்தம் சிந்தி உண்டாக்கின பேரு. எங்கே கெடக்கு பாருங்க. கடையில! அதுகூடப் பொறுத்துக்கலாம். இந்த வரியைப் படிங்க. 'கூடுதலாகவும் தரலாம்.' இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? நான் சொல்லணுமா? பஸ் ஸ்டாண்டுல துண்டை விரிச்சு உக்காந்திருக்கானே, அவனும் இதைத்தான் சொல்றான். மூத்த கிளையில இருந்து இப்படி ஒண்ணு வரும்னு நான் கனவுலயும் நெனைக்கல."

நேற்று வரை நான் என் மனதுக்குள் சொல்லிக்கொண்டதுதான் அவ்வளவும். ஒரு சொல் மாறவில்லை. ஆனால் அது டோமிச்சன் வாயிலிருந்து மைக்கில் வந்தபோது என் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

பின்வரிசையில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ரோசிலி எழுந்து நின்றாள். பதினைந்து வருஷமாக இந்தக் கூட்டத்தில் வாய் திறக்காதவள்.

"டோமிச்சன் சேட்டா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு, கேளு."

"போன பள்ளிப் பெருநாளுக்கு நம்ம புனிதர் புண்ணியவாளன் பேர்ல நேர்ந்துவிட்ட பூவன்கோழியை ஏலம் போட்டாங்க. யாரு எடுத்தது?"

ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. எல்லோருக்கும் தெரியும்.

"நான்தான் எடுத்தேன். அதுக்கென்ன?"

"என்ன விலைக்கு?"

"அது... பள்ளிக் காரியம்."

"பதினெட்டாயிரம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"சந்தையில அந்தக் கோழி என்ன விலை போகும்?" என்று ரோசிலி அமைதியாகக் கேட்டாள். "அத்தனை மடங்கு ஏன் குடுத்தீங்க? பாதிரியார் அச்சன் கேட்டாரா? கோழி கேட்டுச்சா?"

சிரிப்பு இப்போது கூரையைத் தட்டியது.

"நம்ம எடவகைப் பங்குல மனசுக்குப் புடிச்சதுக்கு விலையை மேலே ஏத்தித்தான் குடுப்போம். குடுத்தவனுக்கும் பெருமை, வாங்கின பொருளுக்கும் பெருமை. அன்னிக்கு உங்களைத் தோள்ல தூக்காத குறையாக் கொண்டாடினோம். அதையே என் மக பாட்டுக்கு ஊர் பேர் தெரியாதவங்க பண்ணினா, அதுக்கு வேற பேரா?"

உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

டோமிச்சன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "அது வேற, இது வேற. இதை யாரு வாங்கறா? மானமுள்ளவன் எவனாவது வாங்குவானா? பேரு காட்டுது பாருங்க, யாரு யாருன்னு..." என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைக் கீழே தள்ளினான்.

திரை முழுக்க எங்கள் வீட்டார். மெல்பர்ன் ஜிஜோ. டப்ளின் ஷைபி. அதற்கு நடுவே, கன்னியாகுமரியில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த ஒரு ஜோடிப் படம். பக்கத்தில் 'லில்லிக்குட்டி டோமி கல்லாற்றுமாலில்' என்ற பெயர்.

டோமிச்சனின் மனைவி லில்லிக்குட்டியே எழுந்துவிட்டாள்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? தலைவர் வாங்கச் சொன்னாரு, வாங்கினேன். அப்புறம் சும்மா கேட்டுப் பாத்தேன். ரெண்டாவது பாட்டை மூணு தடவை கேட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு."

"எனக்கும்!" என்றார் மறியச்சேடத்தி. "கேக்க வேண்டாம்னு வர்க்கி சொன்னான். சொன்னப்புறம் கேக்காம இருக்க முடியுமா?"

இதற்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தலைவருக்கு அழகல்ல. எழுந்தேன். டோமிச்சனிடமிருந்து மைக்கை வாங்கினேன், அவன் கொடுத்துவிட்டான்.

"தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு வேண்டாம்," என்றேன். "அந்தப் பேரு கடையில கெடக்கல. உலக வரிசையில முதல்ல நிக்குது. இந்த வம்சத்துல யாராவது இதுக்கு முன்னால உலகத்துல முதல்ல நின்னிருந்தா எழுந்து சொல்லுங்க, அவங்க பேரையும் இதுல சேத்துக்கலாம்."

ஒருவரும் எழவில்லை.

"எனக்கு ஒரே ஒரு மானக்கேடுதான். காலையில இதை வாங்கினப்போ நான் அவ கேட்ட விலையை மட்டும் குடுத்துட்டு வந்தேன். மூத்த கிளை எந்த ஏலத்துலயும் அப்படி நின்னதில்ல. என் காலஞ்சென்ற மனைவி த்ரேஸ்யா பேர்ல இன்னொண்ணு எடுக்கறேன். ஐயாயிரம்."

"ஆறு!" என்றது மூன்றாம் கிளை. மறியச்சேடத்தியின் குரல். "ஜிஜோ குடுப்பான்!"

"ஏழு!" நான்காம் கிளை.

தீராத ஒரு பொருளுக்கு ஏலம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். யாருக்கும் பொருள் கிடைக்காமல் போகப்போவதில்லை, எல்லோருக்கும் கிடைக்கும். அடுத்த கிளையை விடக் குறைவாகக் கொடுத்தோம் என்ற பேர் மட்டும்தான் யாருக்கும் வேண்டாம். கிளைக்குக் கிளை ஏறிக்கொண்டே போனது. நாற்காலிகள் நகர்ந்தன. சீரகத் தண்ணீர்க் குடம் உருண்டது. கடைசியில் எல்லோரும் மேடைக்குக் கீழே நின்ற இரண்டாம் கிளைக்காரனைப் பார்த்தார்கள்.

டோமிச்சன் என்னைப் பார்த்தான். பிறகு திரையில் தன் கறுப்புக் கண்ணாடிப் படத்தைப் பார்த்தான்.

"பதினெட்டாயிரத்து ஒண்ணு," என்றான். "கோழியை விடக் குறைச்சா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

கைதட்டலில் புறாக்கள் கூரையை விட்டுப் பறந்தன. யாரோ போனை ஒலிபெருக்கியில் சேர்த்தார்கள். புகைப்புரையின் உள்ளிருந்து எங்கள் பெண்ணின் குரல் வந்து ஹாலை நிறைத்தது. சின்னக் குரல்தான். ஆனால் அது நடுங்கவில்லை. சமையல் கொட்டகை வாசலில் ஏப்ரனோடு நின்ற ஆன்சியை நாலு அத்தைமார் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் மேடைக்கு வரவில்லை. கீழேயிருந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

பெயர் நின்றது. பெண்ணும் நின்றாள். நான் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி.

வெயில் தாழத் தொடங்கியபோது வீட்டுக்குக் கிளம்பினோம். ரோசிலி பாத்திரங்களை எண்ணி வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள். ஜீப்பை ஆன்சி ஓட்டினாள். என் போன் மடியில் கிடந்தது.

"எல்லாரும் கேட்டாச்சு பேரப்பா," என்றாள். "நீங்க கேட்டீங்களா?"

"ஹால்ல கேட்டேனே."

"அது ஒண்ணு. மீதி ஏழு?"

இருநூறு பேரை வாங்க வைத்தவன் நான். ஏலம் தொடங்கி வைத்தவன் நான். நியாயம்தான். போட்டேன்.

லில்லிக்குட்டி மூன்று தடவை கேட்ட இரண்டாவது பாட்டு நன்றாகவே இருந்தது. மூன்றாவதில் மழை. நாலாவதில் வார்த்தையே கிடையாது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். எதிரே வந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. நானும் கையைத் தூக்கினேன். இப்படி ஒரு சாயங்காலம் எனக்கு வாய்த்துப் பல காலமாகிவிட்டது.

ஐந்தாவது பாட்டு தொடங்கியது.

*செருப்பைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு*
*வெறுங்காலோடு இறங்கினவளே,*
*ரோட்டில் கல் சுட்டதா?*

என் கை போனை இறுக்கிப் பிடித்தது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். குஞ்ஞன்னம்மா. எங்கள் தோட்டத்துக்கு லாரி ஓட்ட வந்தவனைக் கட்டுவேன் என்று நின்றாள். ஒரு மத்தியானம் அப்பன் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். காதிலும் கையிலும் இருந்ததைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். வைத்தாள். 'செருப்பும் நான் வாங்கினது' என்றார். அதையும் கழற்றினாள். கழற்றி, எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது போலச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக இறங்கினாள். திரும்பி வரவில்லை. அவள் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டாள் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். குரியாச்சனுக்கும் அப்படித்தான் சொன்னோம். அவன் அப்போது போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தான். அதை நம்பிக்கொண்டேதான் அவன் செத்தான்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் வைத்த வளையலின் சத்தம் வரைக்கும் அதில் இருந்தது. இதே நேரத்தில் மெல்பர்னில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டப்ளினில். பின்லாந்தில். மறியச்சேடத்தியின் மந்தமான காதில். எல்லோர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தவன் நான்.

அந்த அறையில் அன்று இருந்தது மூன்று பேர். அப்பன் பள்ளிக் கல்லறையில் இருக்கிறார். நான் ஜீப்பில் இருக்கிறேன்.

"ஆன்சி," என்றேன். "இதை உனக்கு யாரு சொன்னா?"

அவள் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள். எங்கள் வீட்டு வளைவு வந்தது. ஜீப் திரும்பவில்லை.

"எடி, வழி தப்பிட்டே."

"தப்பல பேரப்பா," என்றாள் ஆன்சி. "அவங்க நாலு மணியில இருந்து காபியோட காத்துக்கிட்டிருக்காங்க."